பள்ளிக்கு வந்த சீர்

சில ஆண்டுகளாகத் தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் நடுநிலைப் பள்ளிகளிலும் ‘கல்விச் சீர்’ என்றொரு விழா நடந்துவருகிறது. ஊர்க்காரர்கள் கோயில் வாசலில் கூடி மேளதாளத்தோடு கிளம்புகிறார்கள். பெண்கள் கையில் தாம்பாளங்கள். வெற்றிலை பாக்கு, பழம், பூ இவற்றுக்கு நடுவே சாக்பீஸ் பெட்டி, நோட்டுக் கட்டு, கலர் பென்சில் டப்பா. பின்னால் தலைச்சுமையாக நாற்காலியும் மின்விசிறியும் வருகின்றன. தலைக்கு அடங்காத பீரோ வண்டியில் வருகிறது. பள்ளி வாசலில் தலைமையாசிரியர் சந்தனம் குங்குமத்தோடு நிற்கிறார், பெண்வீட்டுக்காரரைப் போல. ‘நன்கொடை’ என்ற சொல் இருக்கும்போது ‘சீர்’ என்ற சொல்லை ஏன் எடுத்தார்கள் என்பது யோசிக்கத் தக்கது. நன்கொடையை விரும்பினால் கொடுக்கலாம், இல்லாவிட்டால் விடலாம். சீர் அப்படிப்பட்டதன்று. தாய்மாமன் சீரைக் கொண்டுவராமல் இருக்க முடியாது. கொண்டுவந்தவனைச் சபையில் முதல் ஆளாக மதிக்காமலும் இருக்க முடியாது. கடமையும் உரிமையும் ஒரே தட்டில் வருகிற சொல் அது.

பத்திரிகைகள் இந்த விழாவைப் புதுமை என்றே எழுதுகின்றன. பெயர் புதிதுதான். ஆனால் பள்ளிக்கூடத்தின் கொண்டாட்டமும் அதன் வரவு செலவும் ஒன்றாகவே இருந்த காலம் இந்த நாட்டில் மிக நீண்டது. இரண்டும் பிரிந்திருந்த காலம்தான் குறுகியது. நம் பள்ளிகளில் விழா என்பது படிப்புக்குச் சூட்டிய பூவாக இருந்ததில்லை, அடுப்பில் வைத்த விறகாகவே இருந்திருக்கிறது. இரு நூற்றாண்டுகளில் மாறியது விழாவின் வடிவம் அவ்வளவாக இல்லை. கொடுக்கிறவர் யாருடைய பிள்ளைக்காகக் கொடுக்கிறார் என்பதுதான் மாறியது. அந்த மாற்றத்தைக் கவனிக்காமல் பழைய திண்ணைப் பள்ளியைப் புகழ்வதும் பழிப்பதும் ஒரே மாதிரி வீண் வேலை.

திண்ணைப் பள்ளியில் படிப்பு தொடங்குவதே ஊரறிந்த ஒரு சடங்கு. பல்லாரி கலெக்டராக இருந்த ஏ. டி. கேம்ப்பெல் 1823இல் எழுதிய அறிக்கை அதைக் கண்முன் நிறுத்துகிறது. பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்ததும் அவன் சேரப்போகும் பள்ளியின் ஆசிரியரையும் மாணவர்கள் அத்தனை பேரையும் பெற்றோர் வீட்டுக்கு அழைக்கிறார்கள். எல்லாரும் பிள்ளையாரைச் சுற்றி வட்டமாக உட்கார, புதுப் பையன் பிள்ளையாருக்கு நேர் எதிரில். ஆசிரியர் அவன் விரலைப் பிடித்து அரிசியில் எழுதவைக்கிறார். பெற்றோர் தங்கள் சக்திக்கேற்ற தட்சிணை கொடுத்து அவரை அனுப்புகிறார்கள். மறுநாள் காலையிலிருந்து பாடம். அந்த நாளில் பையன் பள்ளிக்குப் போகவில்லை, பள்ளிதான் பையன் வீட்டுக்கு வந்தது. தமிழ் நாட்டில் இதே சடங்குக்கு மையாடல் விழா என்ற பெயர் வழங்கியது. ஓலையில் ஆணியால் கீறிய எழுத்து வெறும் கண்ணுக்குத் தெரியாது. கரியும் இலைச் சாறும் சேர்த்துத் தடவித் துடைத்தால் கீறலில் மை நின்று எழுத்து தெரியும். அந்த மையைச் சுவடிக்கு இடுவதே கொண்டாட்டத்துக்குப் பெயராகிவிட்டது. தொழில்நுட்பம் ஒன்று திருவிழாவின் பெயராவது அபூர்வம்.

தொடக்க நாளோடு விழா முடிவதில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய விடுமுறைகளுக்கு ‘வாவு’ என்று பெயர். அப்போது பிள்ளைகள் வாத்தியாருக்குக் காசோ அரிசியோ கொண்டுவருவார்கள். ஒரு சுவடியை முடித்து அடுத்ததைத் தொடங்கும் நாளிலும் வீட்டிலிருந்து ஏதாவது வரும். எல்லாவற்றுக்கும் மேலானது நவராத்திரி. மானம்பூ என்றும் மகர்நோன்பு என்றும் சொல்லப்பட்ட அந்த நாட்களில் பிள்ளைகள் நல்ல உடை உடுத்தி, கையில் கோலாட்டக் கழிகளோடு, வாத்தியார் முன்னே நடக்க வீடு வீடாகப் போய்ப் பாடி ஆடுவார்கள். கிடைக்கும் காசும் துணியும் வாத்தியாருக்கு. பொரியும் சுண்டலும் வெல்லமும் பிள்ளைகளுக்கு. தெலுங்கு நாட்டில் தசராப் பிள்ளைகள் கையில் வில்லோடு போய், ஐயவாருக்கு, அதாவது வாத்தியாருக்கு, காசும் தங்களுக்குப் பருப்பும் வெல்லமும் கேட்டுப் பாடுவது ஊரறிந்த வழக்கமாக இருந்தது. 1855இல் பிறந்த உ. வே. சாமிநாதையர் தாம் படித்த காலத்துப் பள்ளிக்கூடங்களைப் பற்றி எழுதியவற்றில் இந்தக் கோலாட்டமும் வாவும் சட்டாம்பிள்ளையும் இடம்பெறுகின்றன. காலையில் எல்லாருக்கும் முன்னால் வருகிற பையனுக்கு மட்டும் பிரம்படி கிடையாது, பிந்தி வர வர அடி கூடும் என்ற கணக்கும் உண்டு. கேம்ப்பெல்லும் அதையே பல்லாரியில் கண்டார். முதலில் வந்தவன் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்களாம், இரண்டாமவனுக்குச் சுழி, மூன்றாமவனிலிருந்து அடி ஆரம்பம். வடக்கே பல்லாரிக்கும் தெற்கே காவிரிக் கரைக்கும் இடையில் பள்ளி நடத்தும் முறை எவ்வளவு ஒத்திருந்தது என்பதற்கு இந்த அடிக்கணக்கு ஒரு சான்று.

இந்தக் கொண்டாட்டங்களை வெறும் கலகலப்பாகப் பார்க்க முடியாது என்பதற்குக் கணக்கே சாட்சி. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் கலெக்டர்களிடம் பள்ளிகளின் விவரம் கேட்டார். வந்த பதில்களை வைத்து 1826 மார்ச் 10ஆம் தேதி அவர் எழுதிய குறிப்பில் பள்ளிகளும் கல்லூரிகள் எனப்பட்டவையும் சேர்ந்து 12,498, மக்கள்தொகை 1,28,50,941. ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்று அவரே வகுத்துச் சொல்கிறார். ஒரு பையன் கட்டிய மாதச் சம்பளம் நான்கு அணா முதல் ஆறு அல்லது எட்டு அணா வரை. வாத்தியாருக்குப் பொதுவாக மாதம் ஆறு ஏழு ரூபாய்க்கு மேல் தேறவில்லை. தகுதியுள்ளவர்களை இந்தத் தொழிலுக்கு இழுக்க அது போதாது என்பது மன்றோவின் வருத்தம். ஆறு ரூபாயில் குடும்பம் நடத்தும் ஒருவருக்கு வாவரிசியும் நவராத்திரித் துணியும் எத்தனை பெரிய விஷயம் என்பதை விளக்க வேண்டியதில்லை. அறுவடைக்கு அறுவடை கையில் பணம் புரளும் ஊரில், மாதம் தவறாமல் சம்பளம் கேட்பது நடக்காத காரியம். பண்டிகை நாளில் கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். வசூலுக்குப் பண்டிகையைவிட நல்ல தவணை நாள் உழவர் ஊரில் இருந்ததில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உடனே வரும். கற்றவரைப் பிள்ளைகளோடு வாசல் வாசலாக நிறுத்தி வாங்கவைத்தது பிச்சையன்றி வேறென்ன, அதைக் கொண்டாட்டம் என்று சொல்லி மறைக்கலாமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். வாத்தியாரின் வறுமை இரக்கமும் கேலியுமாகப் பேசப்பட்டது உண்மை. வருமானத்துக்குப் பெற்றோரின் முகத்தைப் பார்த்திருந்தவர் பையன்களிடம் மட்டும், தொங்கவிட்டுத் தண்டிக்கும் கோதண்டமும் பிரம்புமாக நின்றதற்கும் இந்த நிலைக்கும் தொடர்பு இருக்கலாம். ஆனால் வாசலில் நடந்தது ஒருவழிக் கொடுக்கல் மட்டுமன்று. பிள்ளைகள் பாடினார்கள், ஒப்பித்தார்கள், ஆடினார்கள். வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து கேட்டார். எண்சுவடியும் குழிமாற்றும் நெல்லிலக்கமும் அவருக்குத் தெரியாத பாடங்கள் இல்லை. நெல் அளக்கவும் நிலத்தின் குழி கணக்கிடவும் வட்டி பார்க்கவும் அன்றாடம் பயன்பட்ட கணக்குகள் அவை. ஒரு பையன் தடுமாறினால் தெருவுக்கே தெரிந்துவிடும். வாத்தியாருக்குக் கொடுப்பது தகுமா என்று ஊர் தீர்மானிக்கும் இடமாக அந்த வாசல் இருந்தது. அச்சிட்ட மதிப்பெண் அட்டை இல்லாத காலத்தில் பகிரங்கமாக ஒப்பிப்பதே தேர்வு. அதைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் அறிவு ஊரிடம் இருந்தது. இது பிச்சையென்றால், பிச்சை போடுமுன் பரீட்சை வைத்த பிச்சை.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. அதற்குப் பாதிக்கு மேல் தலைவணங்கவே வேண்டும். எந்த ஊர் என்று கேட்பதுதான் அந்த மறுப்பு. மன்றோ தொகுத்த மாணவர் எண்ணிக்கை 1,88,650. அதில் பெண்கள் 4,540. நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. 1983இல் வரலாற்றாய்வாளர் தரம்பால் இந்தப் பழைய அறிக்கைகளை ‘தி பியூட்டிஃபுல் ட்ரீ’ என்ற நூலில் வெளியிட்டபோது, தமிழ் மாவட்டங்களின் பள்ளிகளில் சூத்திரர், பிற சாதியார் என்று குறிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கு எழுபதிலிருந்து எண்பது வரையும் அதற்கு மேலும் இருந்ததை எடுத்துக்காட்டினார். பார்ப்பனர் மட்டுமே படித்தார்கள் என்ற எண்ணத்தை அந்த எண்கள் உடைத்தன. அது அவர் செய்த நல்ல காரியம். ஆனால் அந்த எழுபதுக்குள் சேரிப் பிள்ளைகள் அடங்கிவிட்டார்கள் என்று சிலர் அதிலிருந்து பொருள்கொள்வது எண்ணுக்கு மீறிய பேச்சு. பண்டிகைதான் பள்ளியின் வருமானம் என்றால், பண்டிகை எந்தத் தெருவில் நுழையுமோ அந்தத் தெருப் பிள்ளைக்குத்தான் பள்ளி. மேளம் எந்தத் தெருவரை போகலாம் என்பதில் வெட்டுக்குத்து நடந்த நாடு இது. வாத்தியார் திண்ணையில் யார் உட்காரலாம் என்பதை அவருக்குப் படியளந்தவர்களே தீர்மானித்தார்கள். பண்டிகை ஊரைப் பள்ளியோடு கட்டிய அதே கயிறுதான் ஊரில் பாதியை வெளியே நிறுத்திய வேலியும். இந்த இரண்டையும் பிரித்து, நல்லதை மட்டும் எடுத்துப் பாராட்ட வழியில்லை.

வேலி உடைந்தது வெளியிலிருந்து. மன்றோவின் சொந்தத் திட்டம் நடுத்தரமானது. தாலுகாதோறும் அவர் திறக்க நினைத்த தாசில்தாரி பள்ளியின் ஆசிரியருக்கு அரசு மாதம் ஒன்பது ரூபாய் கொடுக்கும். குறைந்தது அதே அளவு அவருக்குப் பிள்ளைகளிடமிருந்து கிடைத்துவிடும் என்பது கணக்கு. பாதி சர்க்கார், பாதி ஊர். அந்தப் பள்ளிகள் நீடிக்கவில்லை. 1854இன் கல்விக் கொள்கைக்குப் பிறகு மானியம் வந்தது. 1860களிலிருந்து தேறிய மாணவரின் எண்ணிக்கைக்கு ஏற்ப மானியம் தரும் முறை வந்தது. 1871இன் உள்ளாட்சி நிதிச் சட்டத்தோடு வரிப்பணம் பள்ளிக்கு வரும் வழி பிறந்தது. திண்ணைப் பள்ளிகள் பல அப்படியே மானியப் பள்ளிகளாயின. அப்போது வாத்தியாருக்கு வருஷத்தின் பெரிய நாள் விஜயதசமியிலிருந்து நகர்ந்து இன்ஸ்பெக்டர் வருகிற நாளாயிற்று. அன்றைக்குத் தோரணம் உண்டு, மாலை உண்டு, பிள்ளைகள் ஒப்பிப்பதும் உண்டு. கேட்கிறவர் மட்டும் ஊரார் இல்லை. எண்ணிக்கை காட்டப் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளைக் கடன் வாங்கி உட்காரவைத்த கதைகள் அந்தக் காலத்தின் சொத்து. ஆண்டு விழா என்ற மேடை விழாவில் நடுவே உயர்ந்த நாற்காலி சிறப்பு விருந்தினருக்கு. ஊர் கீழே ஜமுக்காளத்தில் உட்கார்ந்து கைதட்டியது. கொடுக்கிறவராக இருந்த ஊர் பார்வையாளராயிற்று. தீர்ப்புச் சொல்லும் பதவியும் கூடவே போயிற்று.

இதை இழப்பு என்று மட்டும் எழுதினால் பொய்யாகும். சம்பளம் வேறிடத்திலிருந்து வந்ததால்தான், ஊர்ப் பெரியவர்களின் முகச்சுளிப்பைத் தாண்டிப் பள்ளியின் கதவைத் திறக்க முடிந்தது. செங்கற்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் ஒடுக்கப்பட்டோரின் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1893இல் பஞ்சமர் கல்விக்கான அரசாணை பிறந்தது. அடையாற்றில் பிரம்மஞான சபையின் ஆல்காட் 1894இல் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி போடத் தீர்மானித்தது; அந்த ஆண்டே மாகாணத் தொடக்கக் கல்விச் சட்டமும் வந்தது. இவற்றில் எதுவும் கோலாட்டக் காசில் நடந்திருக்காது. படியளப்பவரின் பிள்ளைக்கே இடம் என்ற கட்டு அறுந்ததே இந்தக் காலத்தின் லாபம். ஊருக்கும் பள்ளிக்கும் இருந்த உறவும் சேர்ந்து அறுந்ததே நட்டம்.

லாபத்தை விடாமல் நட்டத்தை ஈடுகட்ட முடியுமா என்று பார்த்த முயற்சி 1950களில் நடந்தது. இந்த வரலாற்றில் என் கண்ணுக்கு மிகச் சுவையான கட்டம் அதுதான். காமராசர் முதலமைச்சர், நெ. து. சுந்தரவடிவேலு பொதுக் கல்வி இயக்குநர். 1956இல் மதிய உணவு தொடங்கியபோது அது ஊரார் கொடுத்த அரிசியிலும் பருப்பிலுமே நடந்தது. 1957இல் அரசு பங்கு சேர்த்தபோது ஒரு சாப்பாட்டுக்கு ஆன செலவு பத்து நயா பைசா. ஆறு அரசினுடையது, நான்கு ஊருடையது. மன்றோவின் பாதிக்குப் பாதி நினைவுக்கு வரும். காமராசரும் சுந்தரவடிவேலுவும் அந்தக் கணக்கைப் படித்தார்களோ என்னவோ, ஊர்ப் பழக்கத்தைப் படித்திருந்தார்கள் என்பது நிச்சயம். 1958இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுதும் நூற்றுக்கு மேல் நடந்தது. வட்டாரத்துப் பள்ளிகள் தங்களுக்கு என்ன தேவை என்று பட்டியலிடும். கரும்பலகை, பெஞ்சு, கடிகாரம், உலகப் படம், குடிநீர்ப் பானை, சீருடை, சில ஊர்களில் முழுக் கட்டடம். ஊரார் அவற்றைப் பொருளாகவே கொண்டுவந்து காட்சிக்கு வைப்பார்கள். பந்தல், வாழைமரம், மேளம், அமைச்சர் வருகை. திருவிழாவுக்குரிய எதுவும் குறையவில்லை. நவராத்திரி ஊர்வலம் திரும்பி வந்துவிட்டது, திசை மட்டும் மாறி. முன்பு பள்ளி ஊர் வாசலுக்குப் போனது, இப்போது ஊர் பள்ளி வாசலுக்கு வந்தது. இதைவிடப் பெரிய மாற்றம், கொடுத்தவருக்கு அதனால் பள்ளியில் எந்த உரிமையும் கிடைக்காதது. மிராசுதார் கொடுத்த பெஞ்சில் அவர் பண்ணையில் வேலை செய்தவர் பிள்ளை உட்காரலாம். சம்பளம் அரசுடையதாக இருந்ததால் வாத்தியார் அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. பழைய வடிவத்தில் புதிய உள்ளீடு என்பது இங்கே தேய்ந்த பேச்சாகத் தோன்றலாம்; அந்தப் பெஞ்சில் முதன்முறை உட்கார்ந்த பையனுக்கு அப்படித் தோன்றியிருக்காது.

அரசு செய்ய வேண்டியதை ஊர் தலையில் கட்டும் தந்திரம் என்ற குற்றச்சாட்டு அன்றும் இருந்திருக்கும், இன்று நிச்சயம் இருக்கிறது. 2022 டிசம்பரில் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ என்ற பெயரில் முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் அரசுப் பள்ளிகளுக்கு உதவும் திட்டம் தொடங்கியபோதும் இந்தக் கேள்வி எழுந்தது. கழிப்பறையும் ஆசிரியரும் சீர்வரிசையில் வரவேண்டிய பொருள்கள் இல்லை என்பதில் எனக்கு ஐயமில்லை. இருக்கும் ஊரில் பீரோ வந்து குவியும், இல்லாத ஊரில் சாக்பீஸ்கூட வராது. ஏற்றத்தாழ்வை விழாவால் சமன்செய்ய முடியாது. ஆனால் இந்த வாதத்தை முழுக்க ஏற்றுக்கொண்டால் விளங்காமல் போகிற ஒன்று உண்டு. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது உணவுச் செலவை அரசே ஏற்றது. ஊரின் நான்கு பைசா பொறுப்பு ஒழிந்தது. பசித்த பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் அது சரியான முடிவு. பணம் தேவையில்லை என்றான பிறகும், பள்ளி மேலாண்மைக் குழு என்று 2009ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோரைத் திரும்ப உள்ளே அழைக்க வேண்டியிருந்தது ஏன்? காசு கொடுப்பவன் கேள்வி கேட்பான், கேள்வி கேட்கும் பழக்கம் காசோடு சேர்ந்து நின்றுபோகும் என்பது சட்டம் எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. குழுவின் கூட்டத்துக்கு வரச் சொல்லிக் கடிதம் அனுப்பினால் கையெழுத்துப் போட நாலுபேர் வருகிறார்கள்; சீர் கொண்டுவரச் சொன்னால் ஊரே வருகிறது. நம்மூர் மனிதர் கூட்டத்தைவிட ஊர்வலத்தை நம்புகிறவர்.

இன்றைய சீருக்கும் பழைய இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அது கல்விச் சீரைப் பற்றி எழுதுகிறவர்கள் வாய்திறக்காத இடம். நவராத்திரிக் காசு கொடுத்தவரின் பிள்ளை அந்தக் கோலாட்ட வரிசையிலேயே நின்றது. சீரமைப்பு மாநாட்டில் கடிகாரம் கொடுத்தவரின் பிள்ளையும் பெரும்பாலும் அந்தப் பள்ளியில்தான் படித்தது, ஊரில் வேறு பள்ளி இல்லை. இப்போது காலையில் மஞ்சள் வேன் வந்து கொடுப்பவர் வீட்டுப் பிள்ளையை டவுனுக்கு ஏற்றிக்கொண்டு போகிறது. தன் பிள்ளை படிக்காத பள்ளிக்கு மேளம் வைத்துச் சீர் கொண்டுபோவதைப் பெருந்தன்மை என்பதா, குற்ற உணர்ச்சி என்பதா என்று தெரியவில்லை. இரண்டும் கலந்தே இருக்கும். மாமன் சீருக்கு மறுசீர் என்று ஒன்று உண்டு, மொய் நோட்டைப் புரட்டிப் பார்த்துத் திருப்பிச் செய்வது. இந்தச் சீருக்கு அப்படி யார், எதைத் திருப்பிச் செய்வார்கள் என்பது எந்த நோட்டிலும் எழுதப்படவில்லை. பீரோவின் கதவில் சிவப்புப் பெயிண்டில் ‘உபயம்’ என்று எழுதி, கீழே தகப்பனார் பெயரோடு கொடுத்தவர் பெயர் இருக்கிறது. பீரோவுக்குள் வருகைப் பதிவேடு இருக்கிறது. அதில் அவர் வீட்டுப் பெயர் இல்லை.